இருபதுக்கு மேல் போகாத வண்டி

குதிரையைக் கொடுத்து மோட்டார் வண்டி வாங்கியவன் என்று போடிநாயக்கனூரில் ஒரே ஒருத்தனைத்தான் காட்ட முடியும். அவன் மொக்கையன். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் அது நடந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வேறு. சொந்தக்காரர்கள் கூடிப் பேசிச் சிரிக்க அதுவும் வசதியாகப் போயிற்று.

குரங்கணிக்கு மேலே, நடந்தால் இரண்டு மணி நேரத் தூரத்தில், மொக்கையனுக்கும் அவன் அண்ணன் பெரியகருப்பனுக்கும் பாகம் பிரிக்காத நாலு ஏக்கர் ஏலக்காடு இருந்தது. அண்ணன் கீழே பொட்டிபுரத்தில் கடலையும் சோளமும் போடுகிறவர். காட்டைக் கட்டிக் காத்தவன் தம்பிதான். மூன்று மட்டக்குதிரைகள் வைத்துக்கொண்டு மலைத் தோட்டங்களுக்கு அரிசி பருப்பு ஏற்றுவான், இறங்கும்போது ஏலக்காய் மூட்டை கொண்டுவருவான், போகிற வழியில் சொந்தக் காட்டையும் பார்த்துக்கொள்வான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் ஒரு குதிரை வழுக்கி அவன் மேலேயே விழுந்தது. குதிரை செத்தது. மொக்கையனுக்கு இடது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காமல் போயிற்று. வைத்தியத்துக்கு இன்னொரு குதிரையை விற்றான். சமதளத்தில் கம்பை ஊன்றி நடமாடலாம், மலை ஏற முடியாது.

கால் போனதைவிட அவனை அரித்தது வேறு ஒன்று. எடுப்பு நாள் சொல்கிற உரிமை கையை விட்டுப் போனதுதான் அது.

ஏலக்காட்டில் காய் பறிப்பதை எடுப்பு என்பார்கள். ஆடியில் தொடங்கி மாசத்துக்கு ஒன்றாக அஞ்சாறு எடுப்பு வரும். காய்க்குள்ளே இருக்கும் அரிசி, அதாவது விதை, கறுத்த பிறகு எடுக்க வேண்டும். முந்தினால் உலர்த்தும்போது காய் சுருங்கி வெறும் தோலாக நிற்கும், பிந்தினால் வெடித்துக் கொட்டும். அதனால் எடுப்பு நாளைச் சொல்கிறவன் ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும், அவனும் காட்டுக்குள் நின்று காயைப் பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கீழே உட்கார்ந்து சொல்லி அனுப்பினால் அந்த மலையில் ஒரு பெண்ணும் கூடையைத் தொட மாட்டாள். அப்படி ஒரு வழக்கம். மொக்கையன் படுத்ததும் அண்ணன் மேலே போய் நின்று நாள் சொல்ல ஆரம்பித்தார்.

பெரியகருப்பன் கெட்டவர் இல்லை. பயந்தவர். களவாணிகள் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்திலேயே பத்துப் பன்னிரண்டு நாள் முந்தி எடுத்துவிடுவார். இரண்டு வருஷமும் கீழே வந்த காய் கிழவி கன்னம்போல் சுருங்கி வந்தது. மொக்கையன் ஒரு பிடி அள்ளி அண்ணன் முன்னால் நீட்டினான்.

"அண்ணே, காய் முத்தல. அவசரப்பட்டு எடுத்திருக்கீக."

"இங்க உக்காந்துக்கிட்டு முத்தல பழுக்கலன்னு சொல்லாதடா. மேல வந்து நின்னு சொல்லு, கேக்குறேன்."

அவர் கோபத்தில் சொன்ன வார்த்தைதான். மறுநாளே மறந்திருப்பார். மொக்கையன் மறக்கவில்லை.

வண்டிக்கு வருவோம். போடியில் ராஜாராம் என்று ஒரு ஏலக்காய் வியாபாரி இருந்தார். மலையில் ஓடைத் தண்ணீரை அளக்க வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் கப்பலில் போட்டுக் கொண்டுவந்த வண்டியை, அவர் ஊர் திரும்பும்போது ராஜாராம் தன் மகனுக்காக வாங்கியிருந்தார். ஜப்பானில் செய்தது, பதினைந்து வருஷப் பழசு, தொண்ணூறு சி.சி. சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்திருந்தது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்ததால் முன்பக்கம் பெண்கள் சைக்கிள்போலத் தாழ்ந்து கிடந்தது. பின்னால் ஒரு மூட்டை வைக்கும் அளவுக்கு இரும்புக் கேரியர். பின் சக்கரத்துப் பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அகலம். கைக்கு கிளச்சு கிடையாது, காலால் கியரை மிதித்தால் போதும். ஃபாரின் வண்டி என்று மகன் ஆசையாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓட்டிப் போனான். வேகம் இருபதுக்கு மேல் நகரவில்லை. புல்லட்டு வைத்திருந்த கூட்டாளிகள் முன்னால் அவன் மானம் போயிற்று. அன்றோடு வண்டி குடோனுக்குப் போனது.

காய் மூட்டையோடு ஒரு நாள் அங்கே போன மொக்கையன், குடோன் ஆள் ஒருத்தன் இரண்டு சாக்கை அந்தக் கேரியரில் கட்டி, லாரிக்கு ஏற்றும் மேடைச் சரிவில் ஏறுவதைப் பார்த்தான். செங்குத்தான சரிவு அது. தள்ளுவண்டியை மூன்று பேர் தள்ளினால்தான் ஏறும். இந்த வண்டி முக்கவில்லை, முனகவில்லை. நடக்கிற வேகத்தில் நிதானமாக ஏறி மேலே நின்றது.

மொக்கையன் கம்பை ஊன்றிக்கொண்டு கிட்டே போனான். "ஒரு தடவ உக்காந்து பாக்கட்டுமா மொதலாளி?" என்று கேட்டான். புல்லட்டில் ஏற வேண்டுமானால் காலைத் தூக்கி மறுபக்கம் போட வேண்டும், அது அவனால் ஆகாது. இதில் முன்பக்கத்துத் தாழ்வு வழியாகக் காலை நுழைத்தால் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தான். அரைகுறையாக மடங்கிய இடது கால் கியர் மிதியில் சரியாகப் போய் அமர்ந்தது. உதைத்துக் கிளப்பவும் பிரேக்குக்கும் வலது கால் இருக்கிறது. இரண்டு வருஷமாக எதன்மேலும் ஏறி உட்காராத குதிரைக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தோடு துண்டால் துடைத்துக்கொண்டான்.

"இருபதுக்கு மேல போகாதுய்யா மொக்கையா. பின்னால வந்து என்னையத் திட்டக் கூடாது" என்றார் ராஜாராம்.

"எங் குதிரை பத்துக்கு மேல போனதே இல்ல மொதலாளி."

பேரம் அங்கேயே முடிந்தது. அவர் தோட்டத்துக்குக் குதிரை தேவைப்பட்டது, இவனுக்கு வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளைக்காரர் பேருக்கும் ராஜாராம் பேருக்கும் கீழே மூன்றாவதாக மொக்கையன் பேர் ஏறியது. சுங்கம் கட்டிய காகிதத்தையும் அதோடு சேர்த்து பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பூட்டினாள் அவன் பெண்டாட்டி பாண்டியம்மாள். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புல்லுக்கட்டுச் சுமக்குற சோலி மிச்சம்" என்று மட்டும் சொன்னாள்.

பெரியகருப்பன் சேதி கேட்டு அன்று சாயந்தரமே பஸ்சைப் பிடித்து வந்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"இருந்த ஒத்தக் குதிரையையும் கொடுத்துட்டு தகரத்த வாங்கி வச்சிருக்க. உனக்குக் கால்தான் போச்சுன்னு பாத்தேன். புத்தியும் போயிருச்சா?"

"மேல வந்து நின்னு சொல்லச் சொன்னீகள்ல அண்ணே. அதுக்குத்தான்."

பெரியகருப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு மனத்தில் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார். அவருக்கும் வயசாகிறது, மாதம் நாலு தடவை மலை ஏற முடியவில்லை, காட்டைப் பத்து வருஷக் குத்தகைக்கு விட ஆள் பேசியாகிவிட்டது.

"ஆடி பத்தொம்பதாம் தேதி மொத எடுப்பு வச்சிருக்கேன். அன்னைக்கு நீ காட்டுக்குள்ள வந்து நில்லு. நின்னா, குத்தகை கிடையாது, காடும் உன் பொறுப்பு, நாள் சொல்றதும் நீதான். வரலைன்னா வாய மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். நீயா வரணும். நாலு பேர் தூக்கியாந்து எறக்குறதெல்லாம் சேத்தி இல்ல."

"சரிண்ணே" என்றான் மொக்கையன். பத்து வருஷம் போனால் அந்தக் காட்டில் ஏலச்செடிக்குப் பதில் கட்டைதான் மிஞ்சும் என்று இருவருக்குமே தெரியும். குத்தகைக்காரன் செடியைக் கறப்பானே தவிர வளர்க்க மாட்டான்.

ஐந்து வாரம் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், சைக்கிள்கூட ஓட்டியறியாதவன் மோட்டார் வண்டி பழகினான். பாண்டியம்மாள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். குரங்கணி ரோட்டில் போன ஜீப்புக்காரர்கள் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணே, கடிவாளத்த இழுங்க!" என்று கத்தினார்கள். மொக்கையனும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தான். அவை இங்கே எழுதத் தக்கவை அல்ல. பதினைந்தாம் நாள் பாண்டியம்மாள் கையை விட்டுவிட்டாள். அவன் அது தெரியாமலே அரை மைல் போயிருந்தான்.

பழகி முடித்ததும் சங்கிலியை இறுக்குவதற்காக மெக்கானிக் பால்பாண்டியிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டான். அங்கேதான் விபரீதம் நடந்தது. பால்பாண்டி கெட்டிக்காரன். வண்டியைச் சாய்த்துப் போட்டு அடிவயிற்றைத் துடைத்தவன், சேற்றுக்குள் புதைந்திருந்த ஒரு சின்ன நெம்புகோலைக் கண்டுபிடித்தான். தட்டிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்துத் தேனி ரோட்டில் ஒரு விரட்டு விரட்டினான். அறுபதில் பறந்தது. வெள்ளைக்காரர் மலை ஏற்றத்துக்காக வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டி வைத்ததை மறுபடி மாற்றத் தெரியாமல் ராஜாராம் மகன் ஒரு வருஷம் தலைகுனிந்து திரிந்திருக்கிறான்.

"அண்ணே, ஒங்க வண்டி நொண்டி இல்ல, பந்தயக் குதிரை!" என்று பெருமையாகக் கொடுத்தான் பால்பாண்டி.

பந்தயக் குதிரை குரங்கணி தாண்டி முதல் ஏற்றத்திலேயே மூச்சுத் திணறி நின்றது. உதைத்தான், கிளம்பியது, நின்றது. பத்துத் தடவை உதைத்ததில் கால் வீங்கிப்போயிற்று. அப்படியே உருட்டிக்கொண்டு கீழே வந்து பட்டறையில் நின்றவன் முகத்தைப் பார்த்து பால்பாண்டி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான்.

"என்னய்யா செஞ்ச என் வண்டிய?"

"ரிப்பேர் பாத்துக் கொடுத்தேன் அண்ணே. அறுபதுல போகுதுல்ல?"

"அறுபதுல போயி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறேன்? பழையபடி மாத்து. இருபதுக்கு மேல போகக் கூடாது."

வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கொடு என்று சண்டை போட்ட ஆளை பால்பாண்டி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நெம்புகோலைத் திருப்பி வைத்தான்.

இப்போது வண்டி ஏறியது. குதிரைப் பாதையில் கல்லும் வேருமாகக் கிடந்த இடங்களில் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து, ஒரு நாள் கால் தூரம், மறுநாள் பாதித் தூரம் என்று ஏறினான். மொக்கையனுக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். எந்த இடத்தில் குதிரை தயங்குமோ அந்த இடத்தில் வண்டியும் தயங்கியது. மூட்டையைப் பின்னால் கட்டினால் முன்சக்கரம் எழும்புகிறது என்று கண்டு, முன்பக்கத்துத் தாழ்வில் காலுக்கு நடுவே கட்டினான். ஏற்றத்தில் குதிரைக்கும் சுமையை முன்தள்ளித்தான் கட்டுவார்கள்.

குதிரைப் புத்தி ஏற்றத்தில் காப்பாற்றியது. இறக்கத்தில் கவிழ்த்தது.

ஏறி வந்த மிருகத்தை இறக்கத்தில் வாட்டக் கூடாது என்பது குதிரைக்காரர்களின் நியாயம். கயிற்றைத் தளர்த்தி, அதன் போக்கில் விட்டு, கூடவே நடப்பார்கள். ஆடி எட்டாம் தேதி முக்கால் தூரம் ஏறித் திரும்பும்போது மொக்கையன், பாவம் இவ்வளவு நேரம் உழைத்ததே என்று இஞ்சினை அணைத்து, கியரையும் எடுத்துவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினான். நாலாவது வளைவில் ரோமம் கருகுவதுபோல் நாற்றம் வந்தது. ஆறாவது வளைவில் பிரேக்கை மிதித்தால் வெறும் தகரத்தை மிதிப்பதுபோல் இருந்தது. ஏழாவது வளைவு திரும்பவில்லை. அவனும் வண்டியும் உண்ணி முள்புதருக்குள் போய் விழுந்தார்கள்.

புதர் இல்லாவிட்டால் இந்தக் கதையும் இல்லை.

முதுகு நிறைய முள்ளோடு வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்திருந்தான். பாண்டியம்மாள் ஊக்கை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். விழுந்த சேதி பொட்டிபுரம் போய், போதும் விட்டுவிடு என்று அண்ணன் சொல்லி அனுப்பியதும் வந்து சேர்ந்தது.

"அண்ணன் சொல்றதும் சரிதானோ" என்றான் மொக்கையன். அந்த ஐந்து வாரத்தில் அவன் வாயிலிருந்து வந்த தளர்ந்த வார்த்தை அது ஒன்றுதான்.

பாண்டியம்மாள் ஊக்கை நிறுத்தவில்லை. "ரெண்டு வருசமா நான் ஒத்தையா ஏறி எறங்கிக்கிட்டு இருக்கேன். பிஞ்சுப் பிஞ்சாப் பறிக்கச் சொல்றப்ப கை கூசுது. எஞ் சொல்லு அங்க எடுபடல. நீ வந்து நிப்பன்னுதான இருக்கேன்? முள்ளு முடிஞ்சிருச்சு. எந்திரி."

எழுந்தான். பால்பாண்டி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து உச்சுக்கொட்டினான். "இறக்கத்துலதான் அண்ணே இஞ்சினு முக்கியம். மொதக் கியர்ல விட்டா அதுவே வண்டியப் பிடிச்சுக்கிரும். அணைச்சுட்டு எறங்கினா யாரு பிடிப்பா?" கருகிப்போன பிரேக் கட்டைக்கு அந்த அளவில் வேறு கிடையாது. போடியில் இல்லை, தேனியில் இல்லை, மதுரைக்கு பஸ் ஏறிப் போய் நாலு கடையில் கேட்டான், அங்கேயும் கையை விரித்தார்கள். ஃபாரின் சாமான் வைத்திருப்பதில் இருக்கிற பாடு அது. கடைசியில் ஸ்கூட்டர் பிரேக் பட்டையை வாங்கி வந்து, பால்பாண்டியும் அவனும் அரத்தால் ராவி, துளை போட்டு, ஆணி அடித்துப் பொருத்தினார்கள். ஆடி பதினேழாம் தேதி அது பிடித்தது.

பத்தொன்பதாம் தேதி விடியும்போதே மழை. பாண்டியம்மாள் பறிக்கிற பெண்களோடு முன்னாலேயே ஏறிவிட்டாள். பெரியகருப்பன் முந்தின நாளே மேலே போய்க் காட்டுக் குடிசையில் தங்கியிருந்தார். மொக்கையன் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தான். முதல் கியர். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அட்டை காலில் ஏறுவதைத் தட்டிவிடக்கூட நிறுத்தவில்லை. விழுந்த வளைவைத் தாண்டினான். முக்கால் தூரத்தையும் தாண்டினான். காடு கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அங்கே பாதைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. இடுப்புயரத்துக்குக் கட்டை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நடந்து போனவர்கள் தாண்டிப் போயிருக்கிறார்கள். வண்டி எப்படித் தாண்டும்?

இஞ்சின் சத்தம் நின்றதைக் கேட்டு மேலிருந்து பாண்டியம்மாள் ஓடி வந்தாள். அவள் பின்னால் காய் பறிக்க வந்த ஒச்சம்மாளும், தலைச்சுமை தூக்கி உரமேறிய இன்னும் நாலு பெண்களும் வந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஏலக்காய் மூட்டை தூக்குவதுபோல வண்டியைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்கள்.

"அண்ணே, கையக் கொடுங்க. ஒங்களையும் தூக்கிருவோம்" என்றாள் ஒச்சம்மாள்.

"தொடாத ஆத்தா" என்றான் மொக்கையன். "யாரும் தொடக் கூடாது."

வயிற்றைக் கட்டை மேல் வைத்துப் படுத்தான். கையால் பட்டையைப் பற்றி இழுத்தான். மடங்காத கால் ஒரு கொம்பில் மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபோது அவனை அறியாமல் ஒரு சத்தம் வந்தது. பாண்டியம்மாள் கையை நீட்டி, பிறகு தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் சேற்றில் முகம் பட விழுந்தான். வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

காட்டு வாசலில் பெரியகருப்பன் நின்றிருந்தார். மரத்தடியில் நடந்ததை மேலிருந்து பார்த்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"வண்டியப் பொம்பளைக தூக்குனாங்க" என்றார்.

"வண்டியத்தான் தூக்குனாங்க."

பெரியகருப்பன் ஒதுங்கி வழி விட்டார்.

மொக்கையன் வண்டியைப் பாறையில் சாய்த்துவிட்டு, செடியைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குளிர்ந்த மண்வாசம். இலைகளைத் தடவிக்கொண்டே நின்றான். அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். பிறகு குனிந்து ஒரு செடியின் அடியில் தரையோடு படர்ந்திருந்த சரத்திலிருந்து ஒரு காயைப் பறித்து நகத்தால் பிட்டான். அரிசி வெள்ளை. அடுத்த செடியில் ஒன்று. வெள்ளை. நாலு வரிசை தள்ளி, மேட்டில், ஓடை ஓரத்தில் என்று பத்துக் காய் பிட்டான். எட்டு வெள்ளை, இரண்டு லேசாகப் பழுப்பு.

இருபது பெண்கள் கூடையோடு நின்றார்கள். மழையில் நனைந்து இரண்டு மணி நேரம் ஏறி வந்தவர்கள்.

"இன்னைக்கு எடுப்பு இல்ல" என்றான் மொக்கையன். "இன்னும் பதினோரு நாள் போகணும். வந்தவங்க காஞ்ச தட்டைய அறுத்துக் களையப் பிடுங்குங்க. நாள் கூலி உண்டு."

கூட்டம் அசையவில்லை. எல்லாரும் பெரியகருப்பனைப் பார்த்தார்கள். அவர் அவசரப்படாமல் தம்பியின் உள்ளங்கையிலிருந்து ஒரு பிட்ட காயை எடுத்தார். பார்த்தார். வாயில் போட்டுக் கடித்தார். ஒன்றுமில்லாத பச்சைத் தண்ணீர்ச் சுவை. துப்பினார்.

"என்னையப் பாத்து என்ன நிக்கிறீக?" என்று அதட்டினார். "நாள் சொல்றவன் அங்க நிக்கிறான்."

கூடைகள் இறங்கின. அரிவாள்கள் வெளியே வந்தன. பெண்கள் வரிசைகளுக்குள் கலைந்து போனபின் பெரியகருப்பன் தம்பி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி, "பதினோரு நாளுக்குள்ள களவாணிப்பய புகுந்துட்டா என்னடா செய்வ?" என்று கேட்டார். அவர் பயம் அவருக்கு.

"நாளைக்கு வருவேன். நாளைக் கழிச்சும் வருவேன். பதினோரு நாளும் இங்கதான் நிப்பேன் அண்ணே."

பெரியகருப்பன் தலையாட்டினார். அன்று மாலை மலை இறங்கியதும், குத்தகைக்குப் பேசியிருந்த ஆளிடம் வேறு காடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் பொட்டிபுரம் பஸ் ஏறினார்.